நல்லூரில் பிறக்காத ஐயா

முருகன் துணை

எசன், 27.02.2006

அன்புள்ள தம்பி சிறீதரனுக்கு,

நாங்கள் மூவரும் உடம்பால் சுகம். நீ அந்தக் குளிருக்குள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? செய்தி கேட்ட நாளிலிருந்து அடுப்பு மூட்டியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஐயாவின் காரியம் வெள்ளிக்கிழமை குறையில்லாமல் முடிந்தது. உன் பயணப் பத்திரம் புதுப்பிக்கப் போய்த் திரும்பாதது உன் பிழையில்லை. உன் இடத்தில் நின்று இவர் கடமை செய்தார். மருமகன் செய்யலாம் என்று ஐயரும் சொன்னார். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். பெயர்களைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இவருடைய வேலையிடத்து ஆட்களும் கோயில் ஆட்களும்தான். இந்தப் பக்கத்தில் எங்கள் ஊரார் ஒருவரும் இல்லை என்பது உனக்குத் தெரியும்தானே.

தமிழ்க்கடைகளில் ஒட்டிய மரண அறிவித்தல் ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறேன். எங்கள் பிள்ளை கிருசாந்திக்குப் பேசி வந்த வினோஜனின் தாய், டோட்மண்ட் யோகமக்கா, முழு நாளும் என் பக்கத்திலேயே நின்றார். கலியாணம் ஆண்டுத் திவசம் கழிந்த பிறகு என்று பேச்சு. நல்ல இடம். தட்டிப் போகக்கூடாது என்று முருகனிடம் கேட்டபடி இருக்கிறேன்.

உன் சுகத்துக்கு எழுது.

அன்பு அக்கா,
சுந்தரேஸ்வரி

*

லேர்விக், ஷெட்லண்ட்
15.03.2006

அன்புள்ள அக்கா,

நான் சுகம். அத்தானையும் கிருசாந்தியையும் கேட்டதாகச் சொல்லுங்கோ. பயணப் பத்திரம் நேற்றுத்தான் வந்தது. மேசையில் கிடக்கிறது. பார்க்க ஆத்திரமாக இருக்கிறது.

அறிவித்தலை வாசித்தேன். 'யாழ்ப்பாணம் நல்லூரைப் பிறப்பிடமாகவும் எசனை வசிப்பிடமாகவும் கொண்ட கார்த்திகேசு நாகமணி.' அச்சு தெளிவாக இருக்கிறது.

இங்கே மீன் ஆலையில் என் மேசைக்குப் பொறுப்பாக இருக்கிறவள் இங்கா. இந்தத் தீவிலேயே பிறந்தவள். ஐயாவின் செய்தியைச் சொன்னதும், அவர் எந்த இடம் என்று கேட்டாள். ஆறு வருடமாகச் சொல்கிறது போல யாழ்ப்பாணம் என்றேன். அது எப்படி இருக்கும் என்று கேட்டாள். எனக்கு வாயில் வந்தது கல்வேலியும், கட்டாக்காலியாக அலைகிற குதிரைகளும், சுற்றிவர உப்புக்காற்றும். 'நீ சொல்லுறது ஒரு தீவையெல்லே?' என்றாள். ஓம், நெடுந்தீவு, ஐயாவும் அக்காவும் நானும் பிறந்தது அங்கேதான், ஐயா அங்கே வள்ளம் ஓட்டியவர் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஆறு வருடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டாள். நான் குதிரையைப் பற்றிக் கதையை மாற்றினேன். இங்கத்தைக் குதிரைக்கு உயரம் எங்கட குதிரையின் பாதி, மயிர் இரண்டு மடங்கு.

அக்கா, ஐயா கடைசியாக ஏதாவது கேட்டவரா?

உங்கள் தம்பி,
சிறீ

*

முருகன் துணை

எசன், 02.04.2006

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் இருமல் எப்படி?

அறிவித்தலுக்கு ஊர்ப் பெயர் கொடுத்தது உன் அத்தான். அந்த அவதிக்குள் நான் கவனிக்கவில்லை. ஐயா கடைசியாகத் தண்ணீர் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆண்டுத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும். எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு தேவாரப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். ஐயாவின் வாழ்க்கை வரலாறு எழுத உன்னால்தான் முடியும். இரண்டு பக்கம் போதும். ஊர் விபரத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். அறிவித்தலில் வந்தபடியே இருக்கட்டும். வள்ளத்தையும் எழுதாதே, 'வர்த்தகர்' என்று போடு.

காரணத்தை உனக்கு மறைக்கவில்லை. போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் ஒரு குடும்பத்தைக் காட்டி யோகமக்கா சொன்னார்: 'உவை தீவார். தீவாருக்குக் கிணத்துத் தண்ணியும் உப்பு, நாக்கும் உப்பு. எங்களுக்கு ஒத்துவராது.' பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிருசாந்தி என் முகத்தைப் பார்த்தாள்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

அக்கா

*

லேர்விக், 20.05.2006

அன்புள்ள அக்கா,

சுகம். இருமல் போய்விட்டது. உங்கள் முழங்காலுக்கு டொக்டரிடம் நேரம் கேட்டு ஒரு Termin எடுங்கோ. எண்ணெய் பூசினால் மட்டும் காணாது.

மலருக்கு எழுத இருந்தேன். முதல் வரியில் நின்றுவிட்டேன். பிறகு பார்ப்போம்.

இந்த ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாளில் இவர்கள் ஸ்கொட்லாந்துக்காரர். அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கோ, முகம் சுளிப்பார்கள். இங்காவின் பெயர் நோர்வேப் பக்கத்துப் பழைய பெயர். குடும்பப் பெயர் ஸ்கொட்லாந்து. அவள் சொல்கிறதை எங்கள் பேச்சில் எழுதினால்: 'அம்மா வழி கொள்ளையடிக்க வந்தவங்கள், அப்பா வழி வரி வாங்க வந்தவங்கள். ரெண்டு பகுதியும் போக மனமில்லாமல் நிண்டிட்டினம். நான் அதின்ர மிச்சம்.' துறைமுகத்தின் தெற்கு வாயால் வந்த கப்பலில் இறங்கியவன் எல்லாம் இவர்களுக்குத் தெற்கு வாய்க்காரன்தான். லண்டன் ஆளும் நானும் ஒன்று.

எல்லாம் பெருமை என்று நினைக்க வேண்டாம். இங்காவின் தகப்பன் தீவுப் பேச்சுப் பேசிப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியவராம். தாய் அபடீன் நகரத்துக்கு வேலைக்குப் போய், தீவுக்காரி என்று ஒருவருக்கும் சொல்லாமல் ஒன்பது வருடம் இருந்தவராம். அந்த ஒன்பது வருடத்தில் வீட்டிலிருந்து ஒருவரையும் தன்னைப் பார்க்க வர விடவில்லையாம்.

இன்னொரு கதை. ஐந்நூறு வருடத்துக்கு முந்தி, டென்மார்க்கையும் நோர்வேயையும் ஆண்ட அரசன் ஒருவன் மகளை ஸ்கொட்லாந்து அரசனுக்குக் கட்டிக் கொடுத்தான். சீதனக் காசு கையில் இல்லை. இந்தத் தீவுகளை ஈடு வைத்தான். இன்னும் மீட்கவில்லை.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.

சிறீ

*

எசன், 01.06.2006

சிறீதரனுக்கு,

சுகம்.

மகளின் கலியாணத்துக்காகத் தீவை ஈடு வைத்த கதையை யாருக்காக எழுதினாய் என்று எனக்கு விளங்கும். நீ தனி ஆள். உன்னை ஒருவரும் பெண் பார்க்க வருவதில்லை.

நான் இங்கே கலியாணம் கட்டி வந்த புதிதில், உன் அத்தானின் பெரியம்மா நான் வைத்த சொதியை மணந்து பார்த்துவிட்டு, 'தீவாளின்ர கை பட்டது' என்று தொட்டிக்குள் ஊற்றினார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு புதிதாய்ச் சந்திக்கிறவர்களுக்கு இவர் என்னை நல்லூர் என்று சொல்லத் தொடங்கினார். எனக்காகத்தான் சொன்னார்.

உன் இங்காவுக்கு இதெல்லாம் தெரியுமா? மலருக்கு நீ எழுதாவிட்டால் வேறு யாரையாவது பிடிக்கிறேன்.

சுந்தரேஸ்வரி

*

லேர்விக், 09.09.2006

அன்புள்ள அக்கா,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன். மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கோ. அரசனின் கதையை நான் ஒன்றும் நினையாமல் எழுதினேன் என்று சொன்னால் அது பொய். குத்த வேண்டும் என்றுதான் எழுதினேன். எழுதின கையும் யோக்கியமான கை இல்லை. நானும் ஆறு வருடம் யாழ்ப்பாணம் என்று சொன்னவன்தானே.

லண்டனில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். ஐயாவோடு ஒரே வள்ளத்தில் பத்தொன்பது வருடம் நின்ற அம்புறோஸ் மாமாவின் நம்பர் தந்தார்கள். அவர் வுப்பர்டாலில் இருக்கிறார். உங்களிடமிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலமும் இல்லை என்றார்.

ஐயா இறந்ததை அவருக்கு நான்தான் சொன்னேன். நோட்டீஸ் ஒட்டினதோ என்று கேட்டார். பிறகு சொன்னார்: 'அந்த நோட்டீசை எங்கட கடைக் கதவில பாத்தனான் தம்பி. படத்தில கண்ணாடியும் கோட்டுமாய் ஒரு ஆள். பேரைப் பாத்தன். எங்கட நாகமணியாக்கும் எண்டு கிட்டப் போய்ப் பாத்தன். நல்லூர் எண்டு கிடந்தது. வேற ஆரோ எண்டு மரக்கறியை வாங்கிக்கொண்டு வந்திட்டன்.'

உங்களைச் சுகம் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

சிறீ

*

முருகன் துணை

எசன், 16.09.2006

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். இங்கே இரண்டு நாளாக மழை. கிருசாந்திக்கு Ausbildung முடிந்து, பயிற்சி எடுத்த அதே பல் வைத்தியரிடமே வேலை கிடைத்துவிட்டது. உன் அத்தானுக்கு இரவு வேலை மாறிப் பகல் வேலை. கோயிலில் நவராத்திரிக்கு மாலை கட்டுகிற பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். யோகமக்கா போன கிழமை பலகாரத்தோடு வந்து போனார். கம்பளிச் சட்டை ஒன்று அனுப்புகிறேன். அளவு சரியோ என்று எழுது.

அக்கா

*

லேர்விக், 05.11.2006

அன்புள்ள அக்கா,

கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது. கைகள் கொஞ்சம் நீளம். நல்லதுதான். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஐயாவின் வரலாற்றை எழுதி அனுப்பியிருக்கிறேன். 'வர்த்தகர்' என்று போட மனம் வரவில்லை. கடல் கொந்தளித்த நாட்களில் பிரசவ வலி கண்ட பெண்களை அக்கரைக்குக் கொண்டுபோனதை எழுதியிருக்கிறேன். அது வர்த்தகம் இல்லை.

முதல் வரியில் பிறப்பிடம் வருகிற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நான் நிரப்பினால் அது என் வீம்பு. கிருசாந்தியின் வாழ்க்கை உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் எதை எழுதினாலும் நான் ஒரு சொல்லும் கேட்க மாட்டேன்.

சிறீ

*

முருகன் துணை

எசன், 03.12.2006

அன்புள்ள தம்பி சிறீதரனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ ஒரு சொல்லும் கேட்க மாட்டேன் என்று எழுதியதால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தி இங்கே தமிழ்க்கடையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றேன். ஒரு பெண் என்னையே பார்த்தார். அம்புறோஸ் மாமாவின் மனைவி அன்ரனிற்றா அக்கா. கண்டவுடன் எனக்குத் தெரியும். 'பிள்ளை, நீ நெடுந்தீவு நாகமணியரின்ர மகளெல்லே? நாங்கள் இப்ப வுப்பர்டாலில' என்றார். என் பக்கத்தில் கோயில் பெண்கள் இரண்டு பேர். நான், 'இல்லை, நான் நல்லூர். ஆள்மாறிப் பிடிச்சிட்டியள்' என்றேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், தம்பி. இரண்டு முறை கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து கத்தரிக்காயை வெட்டினேன். ஐயா ஜன்னலோரம் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார்.

ஐயா கடைசியாகக் கேட்டது தண்ணீர் இல்லை. 'அம்புறோஸ் எந்த நாட்டில நிக்கிறான் எண்டு ஆரிட்டையும் விசாரிச்சனியோ பிள்ளை?' என்று கேட்டார். தெரியாது ஐயா என்றேன்.

வீட்டுக்கு ஆட்கள் வருகிற நாளில், 'ஊர்க்கதை கதையாதேங்கோ' என்று அவருக்குச் சொல்லி வைப்பேன். முதலில் கோபித்தார். பிறகு யார் வந்தாலும் தானாகவே எழும்பி அறைக்குள் போய்விடுவார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று யோகமக்கா புகழ்ந்தார்.

அறிவித்தலுக்கு ஊரைக் கொடுத்ததும் உன் அத்தான் இல்லை. அச்சடிக்கிறவர் ரெலிபோனில் கேட்க, இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'இப்பவாவது' என்றார். நல்லூர் என்று நான்தான் சொன்னேன். முதல் பொய் இவருடையது. மற்றதெல்லாம் என்னுடையது.

கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் வயிற்றோடு இருந்தேன். மனப்பாரம் துளியும் இறங்கவில்லை. நீ விட்ட வெற்றிடத்தை ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்கிறேன். எழுதினால் பிள்ளையின் கலியாணம் போய்விடும். எழுதாவிட்டால் ஐயா இரண்டாம் முறையும் வேறு யாரோ ஆகிவிடுவார்.

இதை வாசித்த பிறகும் என்னை அக்கா என்று கூப்பிடுவாயானால் எழுது.

சுந்தரேஸ்வரி

*

லேர்விக், 31.01.2007

அன்புள்ள அக்கா,

சுகம். அக்கா, அக்கா, அக்கா. போதுமா?

அன்ரனிற்றா அக்கா உங்களைக் கடையில் கண்டதை அம்புறோஸ் மாமா செப்ரெம்பரிலேயே எனக்குச் சொன்னவர். நான்தான் உங்களுக்கு எழுதவில்லை. 'பிள்ளைக்கு என்ன கஷ்டமோ, அதைக் கேட்டு வருத்தாதை' என்று அவர் சொன்னவர்.

நேற்று இங்கே தீப்பந்தத் திருவிழா. இங்காவின் அண்ணன் தலையில் இறகு முடியும் கையில் கோடாலியுமாக, வைக்கிங் என்று ஊரைச் சுற்றி வந்தார். இறகு முடி எல்லாம் நூறு நூற்றிருபது வருடத்துக்குள் வந்த வேடம்தான் என்று இங்கா சிரித்தாள். 'ஒளிச்சு வைச்சிருந்ததை வெளியில எடுக்கேக்கை கொஞ்சம் கூடத்தான் ஆடுவம்' என்றாள். அவளுடைய தாய் வீதியோரத்தில் கதிரை போட்டு இருந்தார். அபடீனில் ஒளித்திருந்த அதே மனுசி. அண்ணன் கடந்து போகும்போது ஒரு கை மட்டும் தூக்கினார்.

திவசத்துக்கு வர லீவு தரவில்லை, மீன் வருகிற காலம். நான் வந்து நின்றால் எனக்குப் பயந்து எழுதினீர்கள் என்று ஆகிவிடும். வராததும் சரிதான்.

சிறீ

*

முருகன் துணை

எசன், 01.03.2007

அன்புள்ள தம்பி சிறீதரனுக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி? திவசம் முடிந்து பதினெட்டு நாளாகிறது. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

வெற்றிடத்தில் நெடுந்தீவு என்று எழுதிக் கொடுத்தேன். மலர் நூற்றைம்பது அடித்தோம். அம்புறோஸ் மாமாவுக்குக் கடிதம் போட்டேன். மாமா அன்ரனிற்றா அக்காவையும் ஊரார் ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்று நினைத்தேன். எல்லாம் வுப்பர்டாலும் எசனும்தான். கோயிலில் நான் கிழமைதோறும் கண்ட முகங்களும் இரண்டு இருந்தன. அவர்களும் வேறு ஊர் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்.

யோகமக்கா மலரைத் திறந்தார். முதல் பக்கத்தை வாசித்தார். மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன் மாமாவை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் என்னவும் சொல்லலாம், அதற்கு உரிமை உள்ளவர். எழும்பி, ஐயா காற்று மாறுவதை மூக்கால் அறிந்த கதையைச் சொன்னார். சனம் சிரித்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். 'போன வரியம் செத்தவீட்டுக்கு நான் வரேல்லை. எனக்கு அப்ப கடுஞ் சுகயீனம், எழும்ப ஏலாமல் கிடந்தனான். பிள்ளை குறை நினைக்கக்கூடாது' என்றார்.

நான் தலையாட்டினேன், தம்பி. மன்னிப்புக் கொடுக்கிறவள் போலத் தலையாட்டினேன்.

பிறகு சமையலறையில் அன்ரனிற்றா அக்காவோடு சோறு அள்ளிக்கொண்டு நின்றேன். யோகமக்கா தண்ணீர் எடுக்க வந்தார். அவர் போகட்டும் என்று ஒரு கணம் பார்த்தேன். பிறகு அவர் நிற்கும்போதே சொன்னேன்: 'மாமாவுக்கு அப்ப ஒரு வருத்தமும் இல்லை. நான்தான் நோட்டீசில ஊரை மாத்தினது. கடையில உங்களைத் தெரியாதெண்டு சொன்னதும் தெரிஞ்சுதான்.'

'தெரியும் பிள்ளை. சோறு ஆறுது, போடு' என்றார் அன்ரனிற்றா அக்கா. யோகமக்கா தண்ணீர் எடுக்காமலே போனார்.

பதினெட்டு நாள் டோட்மண்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கிருசாந்தி வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். இன்று மத்தியானம் யோகமக்கா ரெலிபோன் எடுத்தார்.

'தீவார் எண்டதை விடுங்கோ. அது என்ர வாய்க்கொழுப்பு, நானும் யோசிச்சுப் பாத்தன். பெத்த தேப்பனின்ர ஊரை மாத்தின ஆள் எங்களுக்கு வேற என்னத்தையெல்லாம் மாத்தினவ எண்டதுதான் என்ர கேள்வி' என்றார்.

கேளுங்கோ, எல்லாம் சொல்கிறேன் என்றேன்.

'உங்கட ஐயா பிறந்த வளவுக்கு என்ன பேர்?'

எங்கள் சனம் கேட்கிற முதல் கேள்விதானே. வீட்டுக் காணியின் வளவுப் பெயர் தெரியாத மனிதர் உண்டா? நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. கல்வேலி தெரிகிறது, கிணறு தெரிகிறது, பெயர் இல்லை. இருபத்தைந்து வருடமாக நான் சொல்லாத பெயர். மாமி வீட்டுக்காரர் சொல்லித் தந்த நல்லூர் வளவின் பெயர்தான் நாக்கு நுனியில் நின்றது.

'அப்ப இப்ப சொல்லுறது பொய்யோ, முந்திச் சொன்னது பொய்யோ?' என்றார்.

லீவில் நின்ற கிருசாந்தி என் கையிலிருந்து ரெலிபோனை வாங்கினாள். 'மாமி, மருதங்காட்டு வளவு. வடக்கால பனை வேலி, கிழக்கால அம்புறோஸ் தாத்தாவையின்ர காணி. அம்மம்மாவின்ர சீதனம் இல்லை, அம்மப்பாவுக்குத் தேப்பன் வழியால வந்த முதுசம்' என்றாள். ஊர்க் காணி உறுதி வாசிக்கிறது போல. எசனில் பிறந்த பிள்ளை.

யோகமக்கா அவளோடுதான் கதைத்தார். சனிக்கிழமை வருகிறார். 'பிள்ளையோட கதைக்க வேணும். உங்களோட பிறகு பாப்பம்' என்று எனக்குச் சொல்லச் சொன்னாராம்.

உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவளைக் கேட்டேன்.

'அம்மப்பா சொன்னவர்.'

எப்ப, நான் ஒரு நாளும் கேட்கவில்லையே என்றேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். 'வெள்ளிக்கிழமையளில. நீங்கள் கோயிலுக்குப் போன பிறகு.'

நாளை வெள்ளி. பூவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். போவதா விடுவதா என்று தெரியவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
மருதங்காட்டு வளவு நாகமணி சுந்தரேஸ்வரி